முருகைகளும் வெப்ப எதிர்வுகூறலும்

கடற்கரையோரத்தில் வெள்ளைவெளேரெனக் கிடக்கும் முருகைக்கற்களை நேயர்கள் கண்டிருக்கலாம். முருகையின் நிறமே வெண்மை என்று கருதுவோரும் உளர். உயிரோடிருக்கும் முருகை அவ்வாறானதன்று. அதன் தசையினுள்ளே நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. கதிரவனொளியைக் கொண்டு அவை ஆக்கும் உணவிற் பெரும்பங்கு முருகைக்கே சேர்கின்றது. அதன் நிறமும் பெரும்பாலும் அவற்றாலேயே வாய்க்கின்றது. கடல்நீர் வழமையை விஞ்சிச் சூடேறினால் இவ்வுறவு முறிந்துவிடும். அல்காக்களை இழந்த தசையினூடே சுண்ணாம்புக் கூடு வெண்மையாகத் தெரியும். இதனையே வெளிறல் என்பர். வெளிறிய முருகை உடனே இறந்துவிடுவதில்லை. சூடு விரைவில் தணிந்தால் மீளும். தணியாவிடின் பட்டினியால் மடியும். 1998ஆம் ஆண்டிலே நமது ஹிக்கடுவையின் முருகைகளிற் பெரும்பகுதி இவ்விதமே அழிந்தது.

இவ்வழிவை முன்னறியும் கணக்கு ஒன்றுண்டு. ஓரிடத்தில் ஆண்டின் மிக வெப்பமான மாதத்திற்குரிய சராசரி வெப்பநிலையை அடிப்படையாகக் கொள்வர். நீர் அதனிலும் 1 பாகை செல்சியஸ் மிகுந்து ஒரு வாரம் நின்றால் ஓரலகு. 2 பாகை மிகுந்து நின்றால் ஈரலகு. 12 வாரங்களில் இவ்வலகுகளின் கூட்டுத்தொகை 4 ஆனால் வெளிறலையும், 8 ஆனால் கடும் வெளிறலோடு உயிரிழப்பையும் எதிர்பார்க்கலாம். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சமுத்திர வளிமண்டல நிருவாகம் செய்மதிகளின் துணையோடு உலகக் கடல்களுக்கெல்லாம் நாள்தோறும் இக்கணக்கைச் செய்து வருகின்றது.

ஆயினும் செய்மதி அறிவது கடலின் மேற்றோலின் வெப்பத்தையே. ஆழம், நீரோட்டம், கலங்கல், மேகமூட்டம் ஆகியவற்றால் அயலயலாக உள்ள இரு பாறைகளின் கதியும் வேறுபடும். ஆதலால் பாறைகளின் அருகிலேயே வெப்பத்தையும் ஒளியையும் அளக்கும் உணர்கருவிகளை அமைக்கின்றனர். இவ்வளவு தரவையும் ஒருசேர நோக்குதல் மனிதருக்கு அரிது. இங்கேதான் செயற்கை நுண்ணறிவு உதவுகின்றது. முந்தைய கோடைகளின் அளவீடுகளோடு, அக்கோடைகளில் எப்பாறை வெளிறிற்று, எது பிழைத்தது என்று சுழியோடிகள் எழுதிவைத்த குறிப்புகளையும் கணினிக்குக் கற்பிக்கின்றனர். குறிப்புகள் இல்லாத கடலுக்கு எத்துணைச் சிறந்த கணினியும் பெரும்பயன் தராது. அவுஸ்திரேலியாவிலே நீரடிப் புகைப்படங்களை ஆராய்ந்து உயிர்முருகையின் பரப்பைக் கணக்கிடவும் இந்நுண்ணறிவே பயன்படுகின்றது.

பழையதைக் கற்ற கருவி, முன்னொருபோதும் நேராத கோடையைச் சந்தித்தால் யாது செய்யும்? 2023ஆம் ஆண்டில் இவ்வினா வெறும் வாதமாக இருக்கவில்லை. அவ்வாண்டு சில கடல்களில் வெப்ப அலகு 20ஐயும் கடந்தது. இரண்டாம் படியோடு முடிந்திருந்த எச்சரிக்கை அளவுகோலை அவ்வாண்டு டிசம்பரில் ஐந்தாம் படிவரை நீட்டவேண்டியதாயிற்று. ஐந்தாம் படியின் பொருள், ஏறக்குறைய எல்லா முருகைகளும் மடியக்கூடும் என்பதே.

எச்சரிக்கை கடலைக் குளிர்விக்காது. எனினும் அதே ஆண்டு யூலையில், புளோரிடாவின் முருகை வளர்ப்போர் கடலடி நாற்றுமேடைகளில் வளர்த்த முருகைகளை ஆயிரக்கணக்கில் எடுத்துத் தரையிலுள்ள நீர்த்தொட்டிகளுக்குக் கொண்டுசென்றனர். வெப்பம் தணிந்தபின் அவற்றுட் பல மீண்டும் கடலுக்குத் திரும்பின. நூற்றாண்டுகளாக வளர்ந்த பெரும்பாறைகளைத் தூக்க எவராலும் இயலவில்லை. அவை இருந்த இடத்திலேயே இருந்தன.