படப் புத்தகமும் பல்லியமும்

படத்திற்கு ஓசை இல்லை. ஓசைக்கு உருவம் இல்லை. இவ்விரண்டையும் இணைத்து, இசைக்கருவிகளைச் சிறு குழந்தைகளுக்கு அறிமுகம் செய்ய மேல்நாட்டில் சென்ற நூற்றாண்டில் பலர் முயன்றார்கள். அம்முயற்சியில் விளைந்த படப் புத்தகங்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை குழந்தைக்கு எதைக் கற்றுத்தரும், எதைக் கற்றுத்தர இயலாது என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

மேல்நாட்டார் ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்று வழங்கும் பெரிய இசைக்குழுவைப் பல்லியம் என்னும் பழந்தமிழ்ச் சொல்லால் குறிக்கலாம். இயம் என்பது இசைக்கருவி. பல இயங்கள் சேர்ந்து ஒலிப்பது பல்லியம். பெரிய பல்லியத்தில் எண்பது பேர், நூறு பேர்கூட அமர்ந்து வாசிப்பதுண்டு. வயலின், செல்லோ முதலிய நரம்புக் கருவிகள் ஒரு குடும்பம். புல்லாங்குழல், கிளாரினெட், ஓபோ, பசூன் ஆகிய குழல்கள் ஒரு குடும்பம். டிரம்பெட், ஹார்ன், டிராம்போன் முதலிய பித்தளைக் கருவிகள் ஒரு குடும்பம். முரசு போன்ற தாளக் கருவிகள் மற்றொரு குடும்பம். முதன்முதலாகக் கேட்கும் குழந்தைக்கு இவையெல்லாம் தேர்த்திருவிழாக் கூட்டத்தின் ஆரவாரம் போலவே இருக்கும். ஒலி காதில் விழும். அதில் யார் குரல் எது என்பது விளங்காது.

இக்குறையைப் போக்கப் பலரும் கையாளும் எளிய முறை ஒன்று உண்டு. பக்கத்துக்கு ஒரு கருவியின் படம். அதன் கீழே பெயர். அத்தகைய புத்தகத்தைப் பார்த்த குழந்தை, ‘இது ஓபோ, இது பசூன்’ என்று விரல் வைத்துச் சொல்லிவிடும், பெற்றோரும் மகிழ்வர். ஆனால் குயிலின் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லக் கற்ற குழந்தை, மாந்தோப்பில் மறைந்திருந்து கூவும் குயிலை இன்னதென்று அறிந்துகொள்ளுமா? பெயரை அறிவது வேறு. குரலை அறிவது வேறு.

இந்த வேறுபாட்டை நன்கு விளக்கும் படைப்பு ஒன்று 1936ஆம் ஆண்டு மாஸ்கோ நகரில் தோன்றியது. குழந்தைகள் நாடக அரங்கை நடத்திவந்த நதாலியா சாட்ஸ் என்னும் அம்மையார் வேண்ட, செர்கேய் புரோகோஃபியேவ் என்னும் இசைமேதை ‘பீட்டரும் ஓநாயும்’ என்ற கதையை எழுதி, அதற்கு இசையும் அமைத்தார். அதில் பறவைக்குப் புல்லாங்குழல்; வாத்துக்கு ஓபோ; பூனைக்குக் கிளாரினெட்; முணுமுணுக்கும் தாத்தாவுக்குப் பசூன்; ஓநாய்க்கு மூன்று ஹார்ன்கள்; சிறுவன் பீட்டருக்கு நரம்புக் கருவிகள். பிற்காலத்தில் ஓவியர் பலர் இக்கதையைப் படப் புத்தகமாக வரைந்தனர்.

இக்கதையில் ஓநாய் வாத்தை முழுதாக விழுங்கிவிடுகிறது. பீட்டர் கயிற்றுச் சுருக்கிட்டு ஓநாயைப் பிடிக்கிறான். எல்லோரும் அதை ஊர்வலமாக விலங்குக் காட்சிசாலைக்குக் கொண்டுசெல்கிறார்கள். அப்போது ஓநாயின் வயிற்றுக்குள்ளிருந்து வாத்தின் குரல் கேட்கிறது! அந்த இடத்தில் ஓவியர் என்ன செய்வார்? ஓநாயை வரையலாம், வயிற்றுக்குள் மறைந்த வாத்தை எவ்வாறு காட்டுவது? கண்ணுக்குத் தெரியாத வாத்தைக் காதுதான் கண்டுபிடிக்கவேண்டும். ஓபோவின் குரலைக் கேட்டு, ‘வாத்து உயிரோடிருக்கிறது!’ என்று கூவும் குழந்தை ஓபோவை உண்மையாகவே அறிந்துகொண்டது. படம் முடியும் இடத்தில் செவி தொடங்குகிறது.

அப்படியானால் படத்தால் பயன் இல்லையோ எனின், பெரும் பயன் உண்டு. ஓசை பிறக்கும் காரணத்தைப் படம் காட்டும். ஓபோவின் வாயில் இரட்டை நாணல் தகடு இருப்பதைப் பார்க்கும் நம் குழந்தை, ‘இது நாதசுரத்தின் சீவாளி போல் இருக்கிறதே!’ என்று சொல்லக்கூடும். அது சரியே. பசூனுக்கும் அத்தகைய இரட்டை நாணல் உண்டு. ஆனால் அதன் குழல் ஏறத்தாழ எட்டடி நீளம். மடித்து வைத்திருப்பதால் சிறிதாகத் தோன்றுகிறது. குழல் நீண்டால் குரல் தாழும் என்னும் இயற்கை நியதியைப் படமே சொல்லாமல் சொல்லிவிடும்.

குரல்கள் ஒன்றோடொன்று கூடுவதைக் காட்டும் புத்தகமும் உண்டு. லாயிட் மாஸ் பாடல் எழுத, மார்ஜரி பிரைஸ்மன் படம் வரைந்து 1995இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஜின்! ஜின்! ஜின்! எ வயலின்’ என்பது அது. தனியே ஒரு டிராம்போன் வருகிறது. டிரம்பெட் வந்து சேர இருவர். ஹார்ன் வர மூவர். செல்லோ வர நால்வர். இவ்வாறு பத்து வரை வளர்கிறது. எண்ணக் கற்கும் குழந்தை, கூடி ஒலிப்பதையும் அங்கே கற்கிறது.

கார்லா கஸ்கின் எழுத, மார்க் சிமோன் படம் வரைந்த ‘பில்ஹார்மானிக் உடுத்திக்கொள்கிறது’ என்னும் 1982ஆம் ஆண்டுப் புத்தகம் வேறு வகை. அதில் 92 ஆண்களும் 13 பெண்களும், ஆக 105 பேர், மாலையில் குளித்து, உடை அணிந்து, நகரின் பல திசைகளிலிருந்தும் புறப்பட்டு வந்து அரங்கில் அமர்கிறார்கள். இசை முடிவில்தான் எழுகிறது. ஒவ்வொரு கருவிக்குப் பின்னும் காலுறை தேடும் ஒரு மனிதர் உண்டு, இசை என்பது உழைப்பு என்னும் செய்தியைக் குழந்தை சிரித்துக்கொண்டே உணர்கிறது.

பொத்தானை அழுத்தினால் ஓசை எழுப்பும் புத்தகங்களும் இப்போது கிடைக்கின்றன. அவற்றை நான் வெறுக்கவில்லை. எனினும், அவற்றிலுள்ள சிறிய ஒலிபெருக்கியில் பசூனின் ஆழ்ந்த குரல் மெலிந்துபோகும். அன்றியும், பொத்தானை அழுத்திய கணமே விடை வந்துவிடுவதால், காத்திருந்து கேட்கும் பழக்கம் வளர்வதில்லை.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால், அவர்களுக்குப் படத்தைக் காட்டுங்கள், கதையைச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இசையை ஒலிக்கச் செய்யுங்கள். ‘இப்போது வந்தது யார்?’ என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிட வேண்டாம். குழந்தை தானே கண்டுபிடிக்கும் வரை பொறுத்திருங்கள். நூறு குரல்களுக்கிடையே மெல்லிய ஒரு குரலைப் பிரித்து அறியும் செவி, இசை அரங்கில் மட்டுமன்று, மனிதர் கூடி வாழும் இடமெங்கும் வேண்டப்படுவது. அச்செவியைத் திறக்கும் வாயிலாகப் படப் புத்தகம் அமையட்டும். வாயிலிலேயே குழந்தை நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.