விளக்கம் சொல்லும் உரிமை



தோழரின் நினைவு நாளில் பேச அழைத்த நண்பர்களுக்கு நன்றி. இன்று பெர்லின் நகரத்து அருங்காட்சியகங்களைப் பற்றிப் பேசப்போகிறேன். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். கடைசியில் சொல்கிறேன்.

2015இல் போருக்குத் தப்பிய சிரியா, ஈராக் மக்கள் லட்சக்கணக்கில் ஜெர்மனிக்கு வந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் பெர்லினில் 'முல்தகா' என்றொரு திட்டம் தொடங்கியது. அரபியில் 'சந்திக்கும் இடம்' என்று பொருள். அகதிகளாக வந்தவர்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, நான்கு அருங்காட்சியகங்களில் வழிகாட்டிகளாக நிறுத்தினார்கள். அவர்கள் தம் மக்களுக்கு, தம் மொழியில், கட்டணமில்லாமல் விளக்கினார்கள்.

அங்கே 'அலெப்போ அறை' இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெப்போ நகரத்துக் கிறிஸ்தவ வணிகர் ஒருவரின் வீட்டு வரவேற்பறையை அலங்கரித்த, வண்ணம் தீட்டிய மரப்பலகைகள் அவை. அலெப்போ குண்டுவீச்சில் இடிந்துகொண்டிருந்த நாட்களில், சிரியாக்காரர்களுக்கு அதை விளக்கிச் சொன்னவர்களும் அகதிகள்தான். ஜெர்மன் வரலாற்று அருங்காட்சியகமும் அந்த நான்கில் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான நகரங்களின் கதை அப்போது அங்கே இருந்தது. சொந்த ஊர் இடிந்ததைக் கண்டு வந்தவருக்கு அது வெறும் வரலாறு அல்ல. இடிந்த ஊர் மறுபடி எழும் என்பதற்குச் சாட்சி.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. பேசுவதற்கு இடம் கொடுத்தார்கள். எதைக் காட்டுவது, பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது, எடுத்து வந்த பொருளை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் மேசையில் இடம் கிடைத்ததா? வாசலில் நிற்க வைப்பதும் சபையில் உட்கார வைப்பதும் ஒன்றல்ல. இது நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இப்போது சம்பந்தத்துக்கு வருகிறேன். 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் நம் ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்தவற்றைப் பெர்லினுக்குத்தான் கொண்டுபோனார். மண்வெட்டி பிடித்தவர்கள் யார்? அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்தப் பொருட்களைப் பற்றி எங்கே பேசுவது?

நம் ஊர் அருங்காட்சியகங்களிடமும் இதையே கேட்போம். பறையைக் கண்ணாடிக்குள் வைத்தால், தோலைப் பதப்படுத்திக் கட்டி, நெருப்பில் காய்ச்சி அடிக்கத் தெரிந்தவர் அதை விளக்கட்டும். கூலி கொடுத்து விளக்கட்டும். பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது என்று முடிவெடுக்கும் குழுவிலும் அவர் உட்காரட்டும். நம்மைப் பற்றிப் பிறர் எழுதியதை நாம் படித்துக்கொண்டிருந்தது போதும்.

ஜெய்பீம்.