கோல் போட்டவரும் பந்து கொடுத்தவரும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று பேசச் சொல்லி நமக்குக் கொடுக்கப்பட்ட பொருள், அரசியல் மாநாட்டுச் செய்திகளை எப்படிப் படிப்பது என்பது. ஆனால் வெளியே கரும்பலகையில் அதற்குக் கீழே யாரோ ஒரு தம்பி "கால்பந்தும் உண்டு" என்று சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார். நம்மைத் தெரிந்த பிள்ளைதான் எழுதியிருக்க வேண்டும். அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இரண்டையும் சேர்த்தே பேசுவோம்.

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை நினைத்துப் பாருங்கள். 4-ஆம் தேதி கண்டீரவா ஸ்டேடியத்தில் தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டம், இந்தியாவுக்கும் குவைத்துக்கும். அடுத்த இரண்டே வாரத்தில், 17, 18 தேதிகளில், இதே ஊரில் ரேஸ் கோர்ஸ் சாலை ஓட்டலில் 26 எதிர்க்கட்சிகளின் கூட்டம். முதலாவதுக்கு நாம் காலரியில் இருந்தோம். இரண்டாவதை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தோம். இரண்டையும் செய்திக்காரர்கள் ஒரே மாதிரிதான் நமக்குக் காட்டினார்கள். நம்முடைய புகாரே அதுதான்.

ஆட்டத்தில் முதல் கோல் குவைத்துக்கு. பிறகு நாம் சமன் செய்தோம். போட்டவர் சாங்டே. ஆனால் காலரியில் இருந்தவர்களுக்குத் தெரியும், சாங்டே காலைத் தொட வைத்ததுதான் பாக்கி. எதிரணியின் கோட்டைப் பிளந்து பந்தை முன்னே தள்ளியவர் சேத்ரி. ஓடிப் பிடித்து, தானே அடிக்க ஆசைப்படாமல், குறுக்கே தட்டிக் கொடுத்தவர் சஹல். கோல் விழுந்தது சாங்டேயின் காலில். பிறந்தது அதற்கு முந்தைய இரண்டு பேர் காலில். கடைசியில் பெனால்டியில் 5-4 என்று வென்றோம். மறுநாள் பேச்செல்லாம் கோல்கீப்பர் குர்பிரீத்தைப் பற்றித்தான். அவர் அதற்கு உரியவரே, மறுக்கவில்லை. சஹல் கொடுத்த பந்தைப் பற்றி டீக்கடையில் பேசியவர்கள் நம் அல்சூர், ஆஸ்டின் டவுன் ஆட்கள்தாம்.

நம் ஆட்கள் அப்படித்தான் பேசுவார்கள், காரணம் இருக்கிறது. கௌதமபுரத்தில் அண்ணல் அம்பேத்கருக்கும் புத்தருக்கும் பக்கத்தில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிற மக்கள் நாம். பிழைக்க வந்த இடத்தில் நமக்கென்று யாரும் கிளப் கட்டிக் கொடுக்கவில்லை. மண் தரையில், வெறுங்காலில் ஆடிக் கற்ற ஆட்டம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா 1-2 என்று தோற்றது. அந்த ஒரு கோல், ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட முதல் கோல், நம் பெங்களூர் சாரங்கபாணி ராமன் போட்டது. அதே அணியில் அகமது கான், வஜ்ரவேலு, தன்ராஜ் என்று இந்த ஊர்க்காரர்கள் இன்னும் பலர். நம் வீட்டுப் பெரியவர்கள் இந்தப் பெயர்களைச் சொல்லும்போது யார் தமிழர், யார் கன்னடர், யார் முஸ்லிம் என்று பிரித்துச் சொல்லிக் கேட்டதில்லை. "நம்ம ஊர்ப் பசங்க" என்றுதான் சொன்னார்கள்.

எட்டு ஆண்டு கழித்து மெல்போர்ன். அந்த ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பிடித்தது. ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்ற ஆட்டத்தில் நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்கில் ஆசியர் ஒருவர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டது அதுவே முதல் தடவை. அதைப் பற்றி எழுதாத ஏடு கிடையாது. அந்த அணியின் நடுக்கோட்டில் ஹாஃப் பேக்காக நின்றவர்களில் ஒருவர் நம் பெங்களூர் கெம்பையா. பிறகு ரோமுக்கும் போனார். இன்றைய பிள்ளைகளிடம் கெம்பையா யார் என்று கேளுங்கள், பத்துப் பேரில் ஒருவர் சொன்னால் அதிகம்.

ஹாஃப் பேக் வேலை என்ன? பின்னால் இருந்து வரும் பந்தை வாங்க வேண்டும். தலையை நிமிர்த்தி எங்கே காலியிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே அனுப்ப வேண்டும். அனுப்பிய பிறகு பெருமையாக நிற்கக் கூடாது, பந்து பறிபோனால் ஓடிப் போய்த் தடுக்க வேண்டும். ரயில்வேயில் வேலை பார்க்கிற நமக்கு இது பாயிண்ட்ஸ்மேன் வேலையாகத்தான் தெரிகிறது. வண்டி எந்தத் தண்டவாளத்தில் போகும் என்பதை இஞ்சின் தீர்மானிப்பதில்லை. பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் இஞ்சினைத்தான் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் வேறு ஆட்டம். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அதில் குவார்ட்டர் பேக் என்று ஒருவர். ஒவ்வொரு முறையும் பந்து அவர் கைக்கு வரும், யாருக்குத் தருவது என்பதை அவர் முடிவு செய்வார். அங்கே பந்து கொடுக்கிறவர்தான் பெரிய நட்சத்திரம். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அவர் மேல் எதிரணி பாய்ந்து விழாமல் தடுக்க முன்னால் ஐந்து பேர் நிற்பார்கள். அடி வாங்குவது அவர்கள் வேலை. அந்த ஐந்து பேரின் பெயரை அங்கேயும் அதிகம் பேர் சொல்வதில்லை.

அப்படி ஒரு குவார்ட்டர் பேக், பஃபலோ அணியின் ஜாக் கெம்ப், ஆட்டத்தை விட்டு அரசியலுக்கு வந்து எம்.பி. ஆனார், மந்திரி ஆனார். 1996-இல் குடியரசுக் கட்சி சான் டியாகோவில் மாநாடு கூட்டியபோது துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்றார். அந்த மாநாட்டில்தான், இங்கே செய்தி ஒன்றும் இல்லை, எல்லாம் விளம்பரமாக இருக்கிறது என்று சொல்லி டெட் கோப்பல் என்ற பெயர்பெற்ற தொலைக்காட்சிக்காரர் பாதியில் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். அவருடைய கோபம் நியாயம்தான். ஆனாலும் நம் கருத்து வேறு. ஆட்டம் மந்தமாக இருக்கிறது என்று ரசிகன் எழுந்து போகலாம். ஸ்கோர் எழுத உட்கார்ந்தவர் எழுந்து போகலாமா?

இனி நம் ஊர் மாநாட்டுக்கு வருவோம். 1969 ஜூலை, லால்பாக் கண்ணாடி மாளிகை, அகில இந்திய காங்கிரஸ் கமிட்டிக் கூட்டம். நம்மில் பலர் பிறப்பதற்கு முன் நடந்தது. அப்பாமார்கள் சொல்லிக் கேட்டதும் பிறகு படித்ததும்தான். அப்போது ஊர் முழுக்கக் கால்பந்து மகிழ்ச்சி. மைசூர் அணி 1967-68, 1968-69 என்று அடுத்தடுத்து இரண்டு பருவம் சந்தோஷ் கோப்பையை வென்றிருந்தது. (அதற்குப் பிறகு 54 ஆண்டு காத்திருந்து, 2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்றுதான் கர்நாடகம் அதைத் திரும்பப் பெற்றது. இதைச் சொல்லாமல் விட்டால் இங்கே முன்வரிசையில் இருக்கிற சிலர் நம்மைச் சும்மா விடமாட்டார்கள்.)

லால்பாக்கில் என்ன நடந்தது? ஜனாதிபதி வேட்பாளர் யார் என்ற சண்டை. ஒரு பக்கம் இந்திரா காந்தி. மறு பக்கம் நிஜலிங்கப்பா, காமராஜர், மொரார்ஜி தேசாய், எஸ். கே. பாட்டீல். கட்சியின் பார்லிமெண்டரி போர்டில் சஞ்சீவ ரெட்டிக்கு நான்கு ஓட்டு, இந்திரா சொன்ன ஜகஜீவன் ராமுக்கு இரண்டு. சவான் பந்தை எந்தப் பக்கம் தட்டுவார் என்பதுதான் எல்லாருக்கும் கேள்வி. அவர் ரெட்டி பக்கம் தட்டினார். மேடையில் பிரதமர் தோற்றார். இன்றைக்கும் 1969 பெங்களூர் என்றால் எழுதுகிறவர்கள் இந்தச் சண்டையைத்தான் எழுதுகிறார்கள். அடுத்து கிரி ஜெயித்தது, நவம்பரில் கட்சி உடைந்தது. கிரி ரயில்வே தொழிலாளர் இயக்கத்தை வளர்த்தவர்களில் ஒருவர். ஆகவே அதில் நமக்கும் ஒரு தனி ருசி உண்டு.

ஆனால் அதே கூட்டத்துக்கு இந்திரா காந்தி பொருளாதாரம் பற்றி ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார். அவசரத்தில் எழுதிய எண்ணங்கள் என்று அவரே பெயர் வைத்த குறிப்பு. அதில் வங்கிகள் பற்றிய பேச்சு இருந்தது. போர்டு ஓட்டெடுத்தது ஜூலை 12. சரியாக ஏழாம் நாள், ஜூலை 19, 14 பெரிய வங்கிகள் அரசுடைமை. நம் ஊர்த் தலைமையிடமுள்ள கனரா வங்கியும் அதில் ஒன்று.

அதற்கு முன் நம் தாத்தாமார்களுக்கு வங்கிக்கும் என்ன சம்பந்தம்? கூலி வாங்கினால் ஒரு பங்கு சாராயக்கடையிலும் வட்டிக்காரனிடமும் போகும். மிச்சம் தபால் ஆபீசில் மணியார்டராக வட ஆற்காட்டுக்கோ தர்மபுரிக்கோ போகும். அரசுடைமை ஆன மறுநாளே கடன் கொடுத்துவிட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. கடன் கேட்டு நடந்து செருப்புத் தேய்ந்த கதை எல்லார் வீட்டிலும் உண்டு. ஆனாலும் கவுண்டர் முன்னால் போய் நிற்கலாம், நிற்க உரிமை உண்டு என்று ஆனது அதற்குப் பிறகுதான். கோல் அந்தக் குறிப்பில் இருந்தது. காமிரா நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லா மாநாடும் அப்படி இல்லை. 1956 மே மாதம் திருச்சியில் தி.மு.க. மாநில மாநாடு. தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்று மேடையில் இருந்தவர்கள் அறிவித்துவிட்டுப் போகவில்லை; பந்தலில் பெட்டி வைத்து ஓட்டுப் போடச் சொன்னார்கள். நிற்கலாம் என்று பெருவாரியாக விழுந்தது. பதினோரு ஆண்டில் கோட்டையைப் பிடித்தார்கள். கட்சி பிடிக்கும், பிடிக்காது என்பது வேறு. காலரியில் இருப்பவனைக் களத்தில் இறக்கிய மாநாடு அது.

இப்போது 2023 ஜூலை 18-க்குத் திரும்புவோம். அன்று தொலைக்காட்சியில் நாம் என்ன பார்த்தோம்? யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார், யார் முகம் வாடியிருந்தது, நிதிஷ் குமாருக்கு எதிராக ஊரில் ஒட்டிய போஸ்டர், கூட்டணிக்கு "இந்தியா" என்று பெயர் வைத்தது யார், அதே நாள் டில்லியில் கூடிய 38 கட்சிகள் பெரிதா, இங்கே கூடிய 26 பெரிதா. மாலை முழுக்க இதுதான். நிதிஷ் 2024 ஜனவரியில் சட்டையை மாற்றிக்கொண்டு அடுத்த அணிக்கே போய்விட்டார். அவர் முகத்தைப் பார்த்துச் செலவிட்ட நேரமெல்லாம் வீண்.

அன்று ஒரு கூட்டறிக்கையும் வெளியிட்டார்கள். மணிப்பூர், விலைவாசி, வேலையில்லாத் திண்டாட்டம் எல்லாம் அதில் உண்டு. அதில் ஒரு வரி, சாதிவாரிக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது. அந்த வரியைத் திரையில் போட்டு, இதனால் யாருக்கு என்ன என்று நமக்கு யாராவது விளக்கினார்களா? நாம் பார்த்த சானல்களில் இல்லை. 2025 ஏப்ரல் 30 அன்று மத்திய அரசு, வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று அறிவித்தது. கொடுத்தது ஒரு அணி, அடித்தது எதிரணி. இருவரும் எங்கள் கோல் என்று கையைத் தூக்குகிறார்கள். தூக்கட்டும். நமக்கு வேண்டியது கோல்.

ஏன் நமக்கு வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கலாம். எல்லாச் சாதியையும் நாடு முழுக்க எண்ணி வெளியிட்டது கடைசியாக 1931-இல். பட்டியல் சாதிகளுக்கு ஜனாதிபதி ஆணை வந்தது 1950 ஆகஸ்ட் 10. குடும்பம் அந்தத் தேதிக்கு முன் இங்கே குடியிருந்ததா, பின்னால் வந்ததா என்பதுதான் நம் பிள்ளைகளின் சர்டிபிகேட்டுக்குக் கேள்வி. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் வேறு மாநிலம் குடிபெயர்ந்தால் அங்கே அந்த உரிமையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் சொல்லிவிட்டது. இங்கே பிறந்து, இங்கே படித்து, மூன்று தலைமுறை இந்த ஊர்ச் சாக்கடையையும் கட்டடத்தையும் கட்டிய குடும்பத்துப் பிள்ளை, "உன் தாத்தா எந்த வருஷம் ரயிலேறினார்" என்ற கேள்விக்குக் காகிதம் தேடி அலைகிறது. இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? எண்ணிக்கை இல்லாமல் எந்த அரசிடமும் நாம் வாதாட முடியாது. எண்ணினால் சட்டம் மாறிவிடும் என்றும் நாம் ஏமாற்றவில்லை. பேசுவதற்குக் கையில் ஒரு பந்தாவது வரும்.

கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக வைத்து அறிவிக்கப்பட்டிருக்கிறது. சாதி கேட்பது அதன் இரண்டாம் கட்டத்தில். அப்போது தாய்மொழி என்ன, எங்கே பிறந்தீர்கள், முன்பு எங்கே குடியிருந்தீர்கள் என்பதும் வரும். பயந்துகொண்டோ, வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்றோ மாற்றிச் சொல்லாதீர்கள். தமிழ் என்று சொல்வதால் கன்னடத் தோழர் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. அவரும் நாமும் ஒரே காலரிக்காரர்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் பேச்சு இல்லை. 2023 ஜூலை 18 அறிக்கையைத் தமிழில் எழுதி வாசிக்கிறோம். ஆளும் கட்சித் தீர்மானங்களையும் கூடவே வாசிப்போம். கணக்கெடுப்புக் கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பெண்கள் கட்டாயம் வர வேண்டும், வீட்டில் கதவைத் திறந்து பதில் சொல்லப் போவது பெரும்பாலும் நீங்கள்தான். அன்று ஆட்டம் இருப்பதால் மூன்று மணிக்கே தொடங்கி நாலரைக்குள் முடித்துவிடுவோம்.