கேட்கப் பழகுவோம்

தமிழில் ஒரு சிறிய சொல் உண்டு. 'கேள்' என்பது அச்சொல். வினாவுதலும் கேள், செவி கொடுத்தலும் கேள். பிற மொழிகள் பலவற்றில் இவ்விரண்டு செயல்களுக்கும் வெவ்வேறு சொற்கள் இருக்க, நம் முன்னோர் ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தார்கள். கேட்கத் தெரிந்தவனே கேட்கவும் தெரிந்தவன் என்று அவர்கள் எண்ணினார்கள் போலும்! திருவள்ளுவரும் கல்வியைப் பற்றியும் கல்லாமையைப் பற்றியும் சொல்லி முடித்தவுடன், அடுத்த அதிகாரமாகக் கேள்வியை வைத்தார். ஊர்ப்பொதுக் காரியத்திற்கு இந்தக் கேள்விச் செல்வம் எவ்வளவு இன்றியமையாதது என்பதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் வசிப்பது திருவண்ணாமலையில், ரமணாசிரமத்திற்கு அருகில். செங்கம் சாலைக்கு வடக்கே மலை. தெற்கே சற்றுத் தொலைவில் சமுத்திரம் ஏரி. மலையில் பெய்யும் மழை சிறு ஓடைகளாக இறங்கி, குளங்களைத் தொட்டு, ஏரியைத் தேடிப் போவது இப்பகுதியின் இயற்கை. பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கான அன்பர்கள் வலம் வருகிறார்கள். மறுநாள் காலையில் குப்பையைக் கூட்டுபவரும், பூக் கட்டுபவரும், ஆட்டோ ஓட்டுபவரும், விடுதி நடத்துபவரும், எங்கோ பிறந்து இங்கே வந்து தங்கிவிட்ட வெளிநாட்டாரும் ஒரே தெருவில் எதிர்ப்படுகிறார்கள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்க்கிறோம். ஆனால் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கிறோமா?

இதற்கு விடையாக என் சொந்தத் தவறு ஒன்றையே சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவை மண் கொட்டி உயர்த்தி, சிமெண்டுத் தளம் போடவேண்டும் என்று நாங்கள் சிலர் முனைந்தோம். ஒரு வீட்டுத் திண்ணையில் கூட்டம் கூட்டினோம். நானே தலைமை வகித்தேன். தெருக்கோடியில் குடியிருந்த பூக்கார மூதாட்டி ஒருவர், மடியில் சரத்தோடு ஓரமாக அமர்ந்திருந்தார். மூன்றாம் முறையாக அவர் வாய் திறந்தபோது, "அம்மா, அது வேறு பேச்சு, முதலில் இதை முடித்துவிடுவோம்" என்று நான் இடைமறித்தேன். அவர் வருத்தப்படவில்லை. "மண்ணு போட்டு மேடாக்கிட்டா தண்ணி தன் வழிய மறந்துடுமா சாமி?" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடியும் பூத்தொடுக்கத் தொடங்கினார்.

தெரு உயர்ந்தது. அடுத்த ஐப்பசி மழையில் மலைநீர் வந்தது. பழைய ஓடை இருந்த இடத்தைத் தேடியது. வழி காணாமல் தாழ்வான வீடுகளுக்குள் புகுந்தது. அந்த மூதாட்டியின் வீட்டில் முழங்கால் அளவு நீர் நின்றது. என் வீடோ மேட்டில் இருந்தது. அன்றிரவு நான் அடைந்த வெட்கத்தைச் சொற்களால் அளக்க இயலாது. ஓடையின் வழி எந்த வரைபடத்திலும் தேடத் தேவையின்றி அவர் நினைவில் இருந்தது. நான் கூட்டம் கூட்டினேன், ஆனால் கேட்கவில்லை. கூட்டம் கூட்டுவது வேறு, கேட்பது வேறு என்பதை அன்று அறிந்தேன்.

2024-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையின்போது, இதே மலையின் சரிவில் வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து ஏழு உயிர்கள் மாண்டன. அவர்களுள் ஐவர் குழந்தைகள். அந்தப் பெருந்துயரத்தை ஏதோ ஒரு கூட்டம் தடுத்திருக்கும் என்று சொல்ல நான் துணியமாட்டேன். மலையடியில் வாழ்வோர் நீரையும் நிலத்தையும் பற்றித் தமக்குள் இடைவிடாது பேசிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் அந்நாள் எங்களுக்கு மறக்கமுடியாதபடி உணர்த்தியது.

நேயர்களே, சேர்ந்து கேட்டு, சேர்ந்து பேசும் வழக்கத்தில் வானொலிக்கே ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. கனடா நாட்டில் 1941-இல் உழவர்களுக்காக வானொலி மன்றங்கள் தொடங்கப்பட்டன. அண்டை அயலார் ஒரு வீட்டில் கூடி நிகழ்ச்சியைக் கேட்பார்கள், பின் விவாதிப்பார்கள், பின் செயலில் இறங்குவார்கள். அம்முறையைத் தழுவி, யுனெஸ்கோவின் துணையோடு 1956-இல் நம் நாட்டில் பூனா வானொலி நிலையம் ஒரு சோதனை நடத்தியது. அன்றைய பம்பாய் மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்களில் மன்றங்கள் அமைந்தன. மன்றத்திற்குச் சுமார் இருபது பேர். வாரம் இரு முறை அரைமணி நேர ஒலிபரப்பு. மொத்தம் இருபது ஒலிபரப்புகள். கேட்டு முடித்ததும் அவர்கள் கலைந்து போகவில்லை. பேசினார்கள், ஐயங்களை எழுதி நிலையத்திற்கு அனுப்பினார்கள், அவற்றிற்கு விடைகள் ஒலிபரப்பப்பட்டன. பால் நியூராத் என்னும் அறிஞர் இச்சோதனையை ஆராய்ந்தார். மன்றம் அமைந்த கிராமங்களில் மக்களின் அறிவு பெரிதும் வளர்ந்திருந்தது என்று கண்டார். எழுத்தறியாதவரும் அந்த வளர்ச்சியில் பங்கு கொண்டிருந்தனர். 1959-இல் இத்திட்டம் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது.

நம் தமிழகத்திலும் இதன் பயனை அறிந்தவர்கள் உண்டு. தஞ்சைப் பகுதியில் ஏ.டி.டி. 27 என்னும் புதிய நெல், திருச்சி வானொலியின் வாயிலாகப் பரவியமையால், உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் சூட்டிவிட்டார்கள்! வானொலிப் பெட்டியின் முன் கூடியவர்கள் செவியை மட்டும் கொண்டுவரவில்லை. தம் வயலைப் பற்றிய கேள்விகளையும் கொண்டுவந்தார்கள்.

ஊர்ச்சபை நமக்குப் புதிதும் அன்று. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியே வாரிய உறுப்பினரைத் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. கணக்குக் காட்டாதவருக்கு அங்கே இடமில்லை. இதைப் பெருமையோடு நினைவுகூர்வோம். அதே வேளையில், நிலமற்றவருக்கும் பெண்களுக்கும் அச்சபையில் இடமில்லாதிருந்ததையும் மறைக்காமல் நினைப்போம். பூக்கார அம்மையார் அன்று ஓரத்தில் கூட அமர்ந்திருக்க முடியாது.

இன்றைய சட்டம் அந்தக் குறையைத் தீர்த்திருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரையும் கிராம சபையின் உறுப்பினராக்கின. குடியரசு நாள், மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், மே முதல் நாள், சுதந்திர நாள், காந்தியடிகள் பிறந்த நாள், நவம்பர் முதல் தேதி உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறு நாட்கள் சபை கூடுகிறது. ஐந்நூறு பேர் வரை உள்ள ஊரில் ஐம்பது பேரும், மூவாயிரம் பேர் வரை உள்ள ஊரில் நூறு பேரும் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். நகரங்களிலும் 2022-இல் பகுதி சபைகளுக்கான விதிகள் வந்தன. 2024-இல் எங்கள் திருவண்ணாமலை மாநகராட்சி ஆயிற்று. ஊராட்சி ஒன்று நகரத்தோடு சேரும்போது அதன் கிராம சபை மறைகிறது. அதன் இடத்தில் பகுதி சபையே மக்களின் வாயும் செவியுமாகிறது. ஆகவே அதை வெறும் சடங்காக விட்டுவிட்டால், இழப்பு நம்முடையதே.

சபை நாளன்று மட்டும் போய்ப் பேசினால் போதுமா? போதாது. அதற்கு முன்பே தெருவில் பேசிப் பழகியிருக்க வேண்டும். அந்த மழைக்குப் பின் நாங்கள் பௌர்ணமி கழிந்த ஒரு மாலையில் மாதந்தோறும் கூடுகிறோம். சில பழக்கங்களை மேற்கொண்டிருக்கிறோம்; அவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, கூலி வேலைக்குச் செல்வோர் வீடு திரும்பிய பிறகே கூடுவோம். இரண்டாவது, பெரிய வீட்டுக் கூடத்தில் கூடுவதில்லை. யாரும் தயங்காமல் வந்து அமரக்கூடிய மரத்தடியே எங்கள் மண்டபம். மூன்றாவது, சென்ற மாதம் பேசாதவருக்கே இம்மாதம் முதற்பேச்சு. நான்காவது, மறுத்துப் பேச விரும்புகிறவர், தாம் மறுக்கும் கருத்தை முதலில் திருப்பிச் சொல்லவேண்டும். 'நான் சொன்னது இதுதான்' என்று அதைச் சொன்னவர் ஒப்பினால்தான் மறுப்புத் தொடங்கலாம். இவ்வொரு விதியால் எத்தனையோ சண்டைகள் பிறக்கும் முன்பே மறைந்தன. ஐந்தாவது, பேசியதை எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, சபைக்கு எடுத்துச் செல்வோம். அங்கே என்ன ஆயிற்று என்பதை அடுத்த மாதம் வந்து சொல்வோம். பலிக்காததையும் சொல்வோம். பலித்ததை மட்டும் சொன்னால் மக்கள் நம்பமாட்டார்கள்.

இவற்றால் எங்கள் தெரு சொர்க்கமாகிவிட்டதென்று கருதவேண்டாம். குப்பையைப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. ஆட்டோ நிறுத்துமிடம் பற்றி இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஆயினும் தெருவின் குறுக்கே ஓடை நீருக்கு ஒரு வழி திறக்கப்பட்டிருக்கிறது. அது எங்கே அமையவேண்டும் என்று காட்டியவர் அந்த மூதாட்டி. கையில் பூச்சரத்தோடு முன்னே நடந்து, "இங்க, இங்க" என்று அவர் காட்டிய இடங்களில் நான் பின்சென்று சுண்ணாம்பால் கோடு கிழித்தேன். நான் தலைமை வகித்த கூட்டங்களைவிட அந்தக் கோடு கிழித்த வேலையே எனக்குப் பெருமையாகத் தோன்றுகிறது.

ஊர் கூடித் தேர் இழுக்கவேண்டும் என்பார்கள். தேரை இழுக்கும் முன் வடத்தின் கடைக்கோடியில் நிற்பவரின் குரலும் முன்னே நிற்பவருக்குக் கேட்கவேண்டும். இல்லையேல் சக்கரத்தடியில் அகப்படுபவர் யார் என்பது எவருக்கும் தெரியாது. நேயர்களே, உங்கள் தெருவிலும் ஓரமாக அமர்ந்து பூத்தொடுக்கும் ஒருவர் இருப்பார். அடுத்த முறை அவர் வாய் திறக்கும்போது, தயவுசெய்து இடைமறியாதீர்கள்.