சட்டத்தரணி, அமைச்சர், நீதியரசர்



வவுனியா நகருக்கு அண்மையிலுள்ள நெளுக்குளத்தில் ஒரு பாடசாலையின் அதிபராகக் கடமையாற்றுகின்றவன் நான். எங்கள் வன்னியிலே ஊர்ப்பெயர்கள் பலவும் குளம் என்றே முடிகின்றன. குளத்தை நம்பி வாழ்கின்ற கமக்காரனுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். குளம் நிறைந்திருப்பது மட்டும் போதாது. துருசு திறந்தபின் வாய்க்காலின் கடைசியிலுள்ள வயலுக்கு நீர் சென்று சேர்ந்ததா என்பதே கேள்வி. சட்டத்தையும் இவ்வாறே அளந்து பார்த்த ஒரு நீதியரசரைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். அதற்குமுன் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எட்டாந் தரத்து மாணவன் ஒருவன் தொடர்ந்து சில நாள்கள் பாடசாலைக்கு வரவில்லை. மீண்டும் வந்தபோது வரவு இடாப்பைக் காட்டி, பிள்ளைகள் எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கடுமையாகக் கண்டித்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அன்று பிற்பகல் அவனுடைய தாயார் என்னைத் தேடி வந்தார். கூலிவேலை செய்யும் தந்தை ஒரு சிறு வழக்கில் விளக்கமறியலில் இருந்தார். “ஐயா, பிணை குடுத்தாச்சு, பிணை நிக்கத்தான் ஒருத்தருமில்லை” என்றார் அந்தத் தாய். நீதவான் பிணை வழங்கிவிட்டார்; ஆனால் நிலையான வருமானமுள்ள சரீரப் பிணையாளர் இருவரை அக்குடும்பத்தாற் கொண்டுவர இயலவில்லை. தாய் நீதிமன்றத்துக்கும் கிராம அலுவலரிடத்துக்கும் அலைந்த நாள்களில், வீட்டிலிருந்த சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவன் நான் கண்டித்த அந்த மாணவனே. மறுநாள் நானும் நண்பர் ஒருவருமாகச் சென்று கையொப்பமிட்டோம். தந்தை வீடு திரும்பினார். ஆனால் காரணம் கேளாமல் தண்டித்த என் தவறு என் உள்ளத்தில் இன்றுவரை உறுத்திக்கொண்டே இருக்கின்றது.

சட்டம் கதவைத் திறந்த பின்னரும் ஏழை உள்ளேயே இருக்க நேர்கின்றதே, இதற்கு யார் என்ன செய்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயர் அவர்களின் வாழ்வை நான் ஊன்றி அறிந்தேன்.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் 1915ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 15ஆம் நாள் பிறந்தவர் கிருஷ்ண ஐயர். தந்தையாரும் ஒரு சட்டத்தரணியே. பாலக்காட்டு விக்டோரியாக் கல்லூரியிலும் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கற்று, சென்னையிலே சட்டம் பயின்று, மலபாரைச் சேர்ந்த தலைச்சேரியில் வழக்காடத் தொடங்கினார். அக்காலத்தில் அங்கு நிலக்கிழார்களுக்கும் குடியானவர்களுக்கும் இடையே ஓயாத பூசல். தொழிலாளருக்காகவும் குடியானவருக்காகவும், பொதுவுடைமைக் கட்சியினருக்காகவும் நீதிமன்றத்தில் நின்றார் இவர். அதன் பயனாக 1948ஆம் ஆண்டில் அவரே கைதுசெய்யப்பட்டு, ஏறக்குறைய ஒரு மாதகாலம் சிறையில் அடைக்கப்பட்டார். கட்சிக்காரரைப் பார்க்கச் சிறைவாயில்வரை செல்லும் சட்டத்தரணிகள் பலர். உள்ளே உறங்கி எழுந்தவர் சிலரே. அந்தச் சிறைவாசத்தின் சுவடு அவருடைய பிற்காலத் தீர்ப்புகளிலெல்லாம் தென்படுகின்றது.

மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் கூத்துப்பறம்புத் தொகுதியிற் சுயேச்சையாக நின்று வென்று, சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். கேரள மாநிலம் உருவானபின், 1957இல் தலைச்சேரியிலிருந்து, பொதுவுடைமைக் கட்சியின் ஆதரவுபெற்ற சுயேச்சையாகவே மீண்டும் தெரிவானார். இ. எம். எஸ். நம்பூதிரிபாட் அமைத்த அமைச்சரவையில் சட்டம், சிறைச்சாலை, நீர்ப்பாசனம், மின்சாரம் முதலிய துறைகள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர்க் கைதியாக இருந்தவர் சிறைச்சாலைகளுக்கே அமைச்சரானார். அவ்வமைச்சரவைக் காலத்திலேயே, 1957இல், வறியவர்களுக்கு அரசு செலவிற் சட்ட உதவி வழங்கும் விதிகள் கேரளத்திலே செய்யப்பட்டன.

1959ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் மத்திய அரசு அவ்வமைச்சரவையைக் கலைத்தது. அடுத்துவந்த தேர்தலில் விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்குகளால் அவர் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. தேர்தல் மனுவின் வழியாகவே அவ்விடத்தை மீளப் பெற்றார். 1965இல் மறுபடியும் தோல்வி. அரசியலை விட்டுக் கறுப்பு அங்கியை மீண்டும் அணிந்தார். 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியாகவும், 1971இல் இந்தியச் சட்ட ஆணைக்குழு உறுப்பினராகவும், 1973ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதியரசராகவும் நியமனம் பெற்றார்.

நேயர்களே, இங்கேதான் ஒரு பெரிய வினா எழுகின்றது. கட்சியின் ஆதரவோடு வாக்குக் கேட்டவர், அமைச்சராக இருந்தவர், நடுவுநிலையாளராக இருக்க முடியுமா? உச்ச நீதிமன்ற நியமனத்தின்போது சட்டத்தரணிகள் பலர் இவ்வினாவை எழுப்பி வெளிப்படையாக எதிர்த்தார்கள். அதனைப் பொறாமைக் கூற்றென்று தள்ளிவிடுதல் நியாயமன்று. தராசின் நா ஒரு பக்கம் சாய்ந்திருக்குமோ என்று அஞ்சுவது நீதியின்மீது கொண்ட பற்றினாலுந்தான். அந்த ஐயத்தை நீக்கக்கூடியவை அவருடைய தீர்ப்புகள் மட்டுமே.

சோதனை இரண்டே ஆண்டுகளில் வந்தது. 1975ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், பிரதமர் இந்திரா காந்தி அவர்களின் தேர்தல் வெற்றி செல்லாதென அலகபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேன்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தவேளை கோடை விடுமுறைக்காலம். அப்போது விடுமுறைக்கால நீதியரசராக இருந்தவர் கிருஷ்ண ஐயர். நாட்டின் சட்ட அமைச்சர் அவரைச் சந்திக்க விரும்பித் தொலைபேசியில் அழைத்தார். மேன்முறையீடு செய்வதற்குத்தான் என்றால், பதிவாளரிடம் மனுவைக் கொடுத்தாற் போதும், தம்மைச் சந்திக்கவேண்டிய தேவையில்லை என்று மறுத்துவிட்டார். தம்மை அப்பதவியில் அமர்த்தியதும் அதே அரசாங்கமே என்பதை நாம் மறத்தலாகாது.

ஜூன் 24ஆம் நாள் கட்டளை பிறந்தது. பிரதமர் கேட்டதோ முழுமையான தடை. கிடைத்ததோ நிபந்தனையோடு கூடிய தடை. பிரதமராக நீடிக்கலாம், பாராளுமன்றத்திற் பேசலாம். ஆனால் உறுப்பினர் என்ற முறையில் வாக்களிக்கவோ சம்பளம் பெறவோ முடியாது. மறுநாள் இரவு இந்தியாவில் நெருக்கடிநிலை பிரகடனம் செய்யப்பட்டது. முழுத் தடையை மறுத்தது துணிவு என்று போற்றுவாரும், பதவியில் நீடிக்க விட்டது பிழை என்று குறைகூறுவாரும் இன்றும் உளர். ஆயினும் பிரதமருக்கென்று ஒரு தனிவழி திறக்கப்படவில்லை என்பதை இரு சாராரும் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

பிரதமரின் வழக்கினாற் புகழ்பெற்ற அவரை நான் நினைவிற்கொள்வது ஒரு கொத்தனாரின் வழக்கினாலேயே. மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்ற ஏழைக் கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றம் பிணை வழங்கியிருந்தது. கீழ்நீதிமன்ற நடுவரோ பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணையாளர் வேண்டுமென்றார். தமையனோ தம்பியோ, உடன்பிறந்தவர் ஒருவர் பிணைநிற்க முன்வந்தார். அவரும் அவருடைய சொத்தும் வேறு மாவட்டத்தைச் சேர்ந்தவை என்று அவரை நடுவர் ஏற்க மறுத்தார். 1978இல் இவ்வழக்கு கிருஷ்ண ஐயரிடம் வந்தது. மாவட்ட எல்லையைக் காட்டி ஒரு மனிதனின் உறவினரை மறுத்தல் தகாது என்றும், ஏழையிடம் அவனுடைய சக்திக்கு மீறிய தொகையைக் கேட்பது பிணையை மறுப்பதற்கே ஒப்பாகும் என்றும் அவர் கண்டார். ஆயிரம் ரூபாய்க்குத் தானே கையொப்பமிட்டுக் கொத்தனார் வெளியேறலாம் எனக் கட்டளையிட்டார். இதனைப் படித்தபோது, பிணைநிற்க ஆளில்லை என்று என்னிடம் வந்து நின்ற அந்தத் தாயின் முகமே எனக்குத் தோன்றியது.

தில்லியிலுள்ள திகார்ச் சிறையிலிருந்து சுனில் பாத்ரா என்ற மரணதண்டனைக் கைதி ஒரு கடிதம் எழுதினார். தம்மைப் பற்றியன்று, சிறைக்காவலர் ஒருவராற் கொடுமைப்படுத்தப்பட்ட வேறொரு கைதியைப் பற்றி. முத்திரைக் கட்டணமில்லை, சட்டத்தரணியில்லை, உரிய படிவமுமில்லை. அக்கடிதத்தையே மனுவாக ஏற்றது நீதிமன்றம். சட்டத்தரணிகள் சிறைக்கு நேரிற் சென்று உண்மையை அறிந்துவர அனுப்பப்பட்டனர். 1979ஆம் ஆண்டு டிசம்பரில் வழங்கப்பெற்ற அத்தீர்ப்பில், சிறைக்குள் செல்லும் மனிதன் தன் உரிமைகளைச் சிறைவாயிலிற் கழற்றி வைத்துவிட்டுச் செல்வதில்லை என்ற கொள்கையை நிலைநாட்டினார் கிருஷ்ண ஐயர். 1948இன் அந்த ஒரு மாதம் முப்பத்தோராண்டுகளின் பின் இங்கே பயன் தந்தது எனலாம்.

அமைச்சராக இருந்த அனுபவமும் வீண்போகவில்லை. இரத்லம் என்ற நகரில் மக்கள் குடியிருக்கும் தெருவிலே கழிவுநீர் தேங்கியது. வடிகால் அமைக்கும்படி நடுவர் கட்டளையிட, பணமில்லை என்றது நகரசபை. நிருவாகம் எவ்வாறு சாக்குச் சொல்லும் என்பதை உள்ளிருந்து அறிந்தவருக்கு அது புதிதன்று. மக்களின் நலவாழ்வைக் காப்பது நகரசபையின் முதற்கடமை. பணமின்மை அக்கடமையிலிருந்து விடுதலை அளிக்காது என்று 1980இல் தீர்ப்பளித்தார். உண்மையாகவே கடனைச் செலுத்த வழியற்றவனைக் கடனுக்காகச் சிறையிலிடலாகாது என்ற தீர்ப்பும் அவ்வாண்டினதே.

அவரிடம் குறையே இல்லையென நான் கூறவரவில்லை. ஏழைக்குச் சட்டம் புரியவேண்டுமென்று வாழ்நாளெல்லாம் வாதிட்டவர், தம் தீர்ப்புகளை எழுதிய ஆங்கிலமோ கற்றோரும் அகராதியைத் தேடவேண்டிய ஆங்கிலமாக இருந்தது. மரணதண்டனையை மிகக் குறுகிய எல்லைக்குள் அடக்க முயன்று அவர் 1979இல் வழங்கிய தீர்ப்பை, அடுத்த ஆண்டே பெரிய ஆயம் ஒன்று ஏற்க மறுத்தது. சட்டத்தைத் தம் கொள்கையின் பக்கம் வளைத்தார் என்பாரும் உளர். அவ்விமர்சனத்திற் சிறிது உண்மை இருக்கலாம். ஆனால் எந்த நீதிபதியும் வெறுங்கையோடு நீதியாசனத்தில் அமர்வதில்லை. ஒவ்வொருவரும் தாம் வாழ்ந்த வாழ்வையும் உடன்கொண்டே அமர்கின்றனர். செல்வர் வீட்டு முற்றத்தை மட்டும் அறிந்தவரின் சாய்வு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை; சிறை முற்றத்தை அறிந்தவரின் சாய்வே உடனே தெரிகின்றது. இதனையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

எமது நாட்டின் நிலையையும் ஒருகணம் நோக்குவோம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் வறியவர்களுக்காகச் சட்ட உதவி ஆணைக்குழுவை அமைத்தது. பிணை வழங்குதலே விதி, மறுத்தல் விதிவிலக்கு என்கிறது 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம். அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தை நாடலாம் என்கிறது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. இவையெல்லாம் குளத்து நீர். இவை இருப்பதே கடைசி வயலுக்குரியவனுக்குத் தெரியாதெனின், வாய்க்காலைத் துப்புரவு செய்யவேண்டியவர்கள் நாமல்லவா? ஆசிரியர், கிராம அலுவலர், எழுத்தறிந்த அயலவர் என ஒவ்வொருவருக்கும் இதிற் பங்குண்டு. ஒரு கடிதம் எழுதிக்கொடுப்பதும், ஒரு முறை உடன்சென்று கையொப்பமிடுவதும் பெருந்தொண்டுகளே.

1980ஆம் ஆண்டு நவம்பரில் ஓய்வுபெற்ற கிருஷ்ண ஐயர் ஓய்ந்திருக்கவில்லை. 1987இல் இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நின்று ஆர். வெங்கட்ராமன் அவர்களிடம் தோற்றார். கொச்சியிலிருந்த அவரது இல்லத்தை நாடி, குறைகளைச் சுமந்த மக்கள் வந்தவண்ணமே இருந்தனர். 2014ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4ஆம் நாள், தொண்ணூற்றொன்பது வயது நிறைந்த நிலையில், அவர் மறைந்தார்.

இப்போதும் எங்கள் பாடசாலையில் வரவு இடாப்பிலே தொடர்ந்து ஒரு பெயருக்கு நேரே வெற்றிடம் காணும்போது நான் முதலிற் கண்டிப்பதில்லை, “வீட்டில் என்ன, தம்பி?” என்று கேட்கின்றேன். கேட்டபின்னும் கண்டிக்க நேர்வதுண்டு. ஆனால் கேளாமற் கண்டிப்பதில்லை. ஒரு நீதியரசரின் வாழ்விலிருந்து ஒரு பள்ளிக்கூட அதிபன் கற்றுக்கொண்ட பாடம் இதுவே.