மலக்குடல் அழற்சியும் அதன் சிகிச்சையும்
(நெடுங்கேணியில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விடயம் சபையிற் பேசக் கூசும் விடயம். ஆயினும், அந்தக் கூச்சமே பலருடைய நோயை முற்றவிடுகின்றதாதலால் அதனைப் பேசியே ஆகவேண்டும்.

மலத்தோடு இரத்தம் கண்டால் நம்மவர் உடனே "மூலச்சூடு" என்பர், மோர் குடிப்பர், மிளகாயைத் தவிர்ப்பர், மாதக்கணக்கில் மறைத்தும் வைப்பர். மூலமாவது குதத்திலுள்ள இரத்த நாளங்கள் வீங்குதல். மலக்குடல் அழற்சி வேறு. பெருங்குடலின் கடைசிப் பகுதியாகிய மலக்குடல் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் நீளமுடையது. அதன் உட்சவ்வு சிவந்து வீங்கிப் புண்படுவதே இந்நோய். இரத்தமும் சளியும் போகும்; மலம் இல்லாதபோதும் அடிக்கடி முட்டும்.

காரணங்கள் பல. அசுத்த நீராலும் உணவாலும் புகும் சிகெல்லாக் கிருமியும் அமீபாவும் வயிற்றுளைவோடு இதனையும் உண்டாக்கும். கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ் என்பன பாலுறவினால் தொற்றும். வாலிபர்கள் இதனை அறிந்திருத்தல் வேண்டும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் போன்றவற்றுக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றோருக்குச் சில வருடங்களின் பின்னும் இது தோன்றலாம். உடலின் நோயெதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குவதால் வரும் புண்குடல் அழற்சி இன்னொன்று.

காரணம் அறியாமல் மருந்து கொள்ளுதல் ஆபத்து. புண்குடல் அழற்சியைத் தணிக்கும் ஸ்ரெரோயிட் மருந்து, அமீபா உள்ளவருக்குப் பெருங்கேடு செய்யும். கிருமித் தொற்றுக்கு அதற்குரிய கிருமிகொல்லி வேண்டும். பாலுறவால் வந்ததாயின் துணைவருக்கும் சிகிச்சை வேண்டும்.

புண்குடல் அழற்சிக்கு 1940-களில் சுவீடன் தேசத்து நானா சுவார்ட்ஸ் அம்மையார் சல்பாசலசீன் என்னும் மருந்தைத் தந்தார். 1977-ல் வங்காளதேசத்தவரான அசாத் கான், ஒக்ஸ்போட்டில் மற்றிருவரோடு ஆராய்ந்து, அதில் நோயைத் தணிக்கும் கூறு எதுவெனக் காட்டினார். அதுவே இன்று மெசலசீன் எனப்படுவது. நோய் மலக்குடலளவில் நிற்குமாயின், இம்மருந்தை விழுங்குவதிலும் மலவாயில் வைக்கும் குளிகையாகக் கொள்வதே கூடிய பலன் தரும். இந்நோய் திரும்ப வரக்கூடியது. சுகங்கண்டவுடன் தாமாக மருந்தை நிறுத்தலாகாது.

பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை. வயது சென்றபின் புதிதாகக் காணும் இரத்தம் மலக்குடற் புற்றுநோயாகவும் இருக்கலாம். முன்னரே கண்டால் மாற்றக்கூடிய நோய் அது. வைத்தியர் விரலாலும் சிறு குழாய்க் கருவியாலும் பார்ப்பது சில நிமிட வேலை. நமது நெடுங்கேணி வைத்தியசாலையில் முதலிற் காட்டுவோம். வேண்டுமாயின் வவுனியாவுக்கு அனுப்புவர்.

வாலிபர்களே, கொதித்தாறிய நீரைப் பருகுவோம். மலங்கழித்தபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவோம். வீட்டில் மூத்தவர் ஒருவர் இந்நோயை மறைக்கிறார் என்று கண்டால், நாமே அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம்.