பொம்மை செஞ்சவங்க பேரு



பார்பி பொம்மை நம்ம எல்லாருக்கும் தெரியும். அது பிறந்த கதையை நாவலாவே எழுதியிருக்காங்க. அமெரிக்காவுல ரூத் ஹேண்ட்லர்னு ஒரு அம்மா. மகள் பார்பரா, காகிதப் பொம்மைகளை வளர்ந்த பெண்களா நினைச்சு விளையாடினதைப் பார்த்து யோசனை வந்துச்சு. கம்பெனியில ஆம்பளைங்க ஒத்துக்கல. லில்லிங்கிற ஜெர்மன் பொம்மையைப் பார்த்த பிறகு, விடாப்பிடியா நின்னு 1959-ல கொண்டு வந்தாங்க.

இதை எங்க குழுவுல சொன்னேன். "புள்ள மனசு பெத்தவளுக்குத்தான் தெரியும்"னாங்க ஒரு அக்கா. "லில்லியைப் பார்த்துச் செஞ்சதுதானே, இதுல என்ன பெருமை?"ன்னு இன்னொருத்தர். கடைசியா ஒரு பாட்டி, "அந்தப் பொம்மைக்குச் சட்டை தைச்சது யாரு?"ன்னு கேட்டாங்க.

அதுதான் சரியான கேள்வி. முதல் பார்பிகள் ஜப்பான்ல தயாரானவை. துணியை வீட்டுல இருந்தபடியே கையால தைச்சவங்க பேரு யாருக்கும் தெரியாது.

நம்ம காஞ்சிபுரமும் அப்படித்தான். 2019-ல அத்திவரதர் 48 நாள் காட்சி கொடுத்தார். அந்த வருஷக் கொலுவுல அத்திவரதர் பொம்மை இல்லாத வீடு குறைவு. அச்சுல வார்த்து, காயவெச்சு, வர்ணம் பூசி, கண் எழுதின கைகள் யாருடையது? பட்டுக்குத் தார் சுத்துற நம்ம பேரும் புடவையில இல்லையே.

அதனால ஒரு வேண்டுகோள். கூட்டமைப்பு விக்கிற ஒவ்வொரு பொருள்லயும் செஞ்ச உறுப்பினர் பேரைச் சின்னச் சீட்டுல எழுதி ஒட்டுவோம். அதுக்குச் செலவு ஒண்ணும் பெரிசா ஆகாது.